கழுவாத கீரையின் இரும்பு

மருத்துவமனையில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களிடமும் இந்தக் கேள்வி வந்திருக்கும். இயற்கை முறையில் விளைந்ததில் சத்து அதிகமா, உரம் போட்டு விளைந்ததில் குறைவா? சர்க்கரை நோயாளி கேட்பார். குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று வருகிற தாய் கேட்பாள். சில நாள் டாக்டரே வராந்தாவில் நிறுத்திக் கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லத் தயங்குவதைப் பார்த்து, போன மாதம் நடந்த பயிற்சி வகுப்பில் உங்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்த நேரம். பனவடலிசத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். எனக்கு அவர் புதியவர் இல்லை. ஒரு காலத்தில் பருத்தி போட்டவர். முகத்தில் துணிகூடக் கட்டாமல் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது செடிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டார். எங்கள் மருத்துவமனையில் பல நாள் நினைவு தப்பிக் கிடந்தார். கண் விழித்த பிறகு அவருக்குக் கஞ்சி எழுதிக் கொடுத்தது நான்தான். அதற்கப்புறம் அவர் பூச்சிமருந்து டப்பாவைக் கையால் தொட்டதில்லை. செம்மண் தோட்டத்தில் கீரையும் தக்காளியும் பயறும் போட்டார். தன்னைப் போன்ற ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தை நடத்த ஆரம்பித்திருந்தார்.

"மருந்து அடிக்கலன்னு சொன்னா நம்ப மாட்டக்காங்க மேடம். எல்லாரும் அப்படித்தான சொல்லுதான்ங்காங்க. சத்து கூடுதல்னு ஒரு பேப்பர் இருந்தா கேப்பாங்க. நீங்க ஒரு சோதன செஞ்சு தாங்க" என்றார்.

எனக்கும் ஆசையாக இருந்தது. இத்தனை வருடம் பிறர் எழுதியதைப் படித்துச் சொல்லியே பழகியவள். நம் ஊர் மண்ணில் விளைந்ததை நாமே ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று பட்டது. ஆடி மாதம், மேல்காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் தோட்டத்துக்குப் போனேன். தண்டங்கீரையை நானே பறித்து, ஒரு இலையும் மாறிவிடக் கூடாது என்று அப்படியே பையில் போட்டுக் கட்டினேன். திரும்பும் வழியில் ஊருக்குள் ஒரு காய்கறிக் கடையில் இன்னொரு கட்டுத் தண்டங்கீரை வாங்கினேன். இரண்டையும் மதுரையில் இருந்த ஒரு சோதனைக்கூடத்துக்கு நானே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. மற்ற சத்துக்களில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரும்புச் சத்து மட்டும் அண்ணாச்சியின் கீரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தாளைக் கொண்டுபோய் எங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டினேன். நிதானமானவர், அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரே ஒரு கட்டுதானா?" என்று கேட்டார். ஆரம்பம்தானே டாக்டர் என்றேன். அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பெண்கள்தான் அதிகம். தறிப் பட்டறைத் தெருக்களிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினேன். மருந்தில்லாமல் விளைந்த நம்ம ஊர்க் கீரையில், கடைக் கீரையைவிட இரண்டு மடங்கு இரும்புச் சத்து இருக்கிறது, நானே சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றேன். கைதட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அதை மடித்து எங்கேயோ செருகிவிட்டுப் போகிறவர்களையே பார்த்த எனக்கு, அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. யாரோ அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் பிடித்திருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ரஹ்மத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ரஹ்மத் எங்கள் மருத்துவமனையில்தான் கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தாள். முதல் பிரசவம். கணவர் சவுதியில் வேலை பார்த்தார். ஆரம்பத்திலேயே இரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருந்தார் டாக்டர். அதற்குப் பிறகு அவள் கடையநல்லூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். அவ்வளவு வெளுப்பு. இரத்தச் சோதனை முடிவு வந்தபோது ஹீமோகுளோபின் ஆறைக்கூடத் தொடவில்லை.

மாத்திரை போட்டாயா என்று டாக்டர் கேட்டார். ரஹ்மத் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நிப்பாட்டிட்டேன் மேடம். அது போட்டா வாந்தி வந்துக்கிட்டே இருந்திச்சு. நீங்க பேசுனது வாட்ஸப் குரூப்புல வந்திச்சுல்லா, அதுலருந்து அந்தக் கீரதான். வாரத்துக்கு ரெண்டு தடவ தோட்டத்துக்கே பஸ்ல ஆள் விட்டு வாங்கிட்டு வருவோம்."

பக்கத்தில் நின்ற அவளுடைய தாயார் செல்போனை எடுத்து எனக்கே போட்டுக் காட்டினார். என் குரல். "ரெண்டு மடங்கு இரும்புச் சத்து" என்பதோடு முடிகிறது. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த அளவு இரத்தத்தோடு வலி கண்டால் இதயம் தாங்காது, பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் இழுத்துப் பிடிக்க முடியாது, இரத்தம் ஏற்றுவதையும் இங்கே வைத்துச் செய்யக் கூடாது, திருநெல்வேலிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். அதற்குள்ளேயே ரஹ்மத் அவ்வப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். லேசாக இறுகி இறுகி விடுகிறது என்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் ஏறினார், தாயார் ஏறினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

அந்தச் சாலையில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குப்போல் அது நீண்டதில்லை. ரஹ்மத்துக்கு ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். வயிறு இறுகும்போதெல்லாம் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக இருந்தது, பன்னிரண்டானது. பனவடலிசத்திரத்தில் ஒரு பேருந்து வழிவிடாமல் நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணாச்சியின் தோட்டத்துக்குத் திரும்புகிற பாதை தெரிந்தது.

அப்போதுதான் ரஹ்மத் குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கேட்டாள். "மேடம், நான் கீரைய ரொம்ப வேக வச்சிட்டேனோ? அதான் சத்து போயிட்டோ?"

அவள் தன்னிடம் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நம்பிவிடுவாள். அதற்குமேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லையே, கீரை நல்லது என்றுதானே சொன்னேன் என்று மனசு எனக்காக வாதாடிக்கொண்டும் இருந்தது. வழியில் இன்னும் வெகுதூரம் தள்ளி மானூர் இருக்கிறது. அது வரைக்கும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல மனுஷி அவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணல ரஹ்மத்" என்றேன். "எவ்வளவு கீர தின்னாலும் அந்த மாத்திரைக்கு ஈடாவாது. நான் அத மைக்குல சொல்லிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாயார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இத அவ மாமியார் வீட்டுலயும் மருமவன்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மாத்திர போடாதவன்னு அவ தலையிலதான் விழும்."

நான் யோசித்தே பார்க்காத விஷயம் அது. என் சொல் அவள் உடம்போடு நிற்கவில்லை, அவள் வீட்டுக்குள்ளும் போயிருந்தது. திருநெல்வேலியில் ரஹ்மத்தை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் நின்று சவுதியில் இருந்த அவள் கணவரிடம் பேசினேன். நான் யார், என்ன பேசினேன், எதைச் சொல்லாமல் விட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு, "இப்பம் அவ பேசுதாளா?" என்று மட்டும் கேட்டார். பேசுகிறாள் என்றேன். "அல்லாஹ் காப்பாத்துவான். நீங்க அங்கனயே இருங்க" என்றார்.

இரத்தம் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். வேகமாக ஏற்றினாலும் ஆபத்து. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மனசில் ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. ரஹ்மத்தின் வாட்ஸப் குரூப்பில் வந்தது வெட்டிய துண்டு. முழுப் பேச்சில், கர்ப்பிணிகள் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று நான் நிச்சயம் சொல்லியிருப்பேன். சொல்லாமல் எப்படி விட்டிருப்பேன்? தினமும் நூறு தடவை சொல்லுகிற வாக்கியம் அது. சந்தைப் பெண் ஒருத்தியிடம் முழுப் பதிவும் இருக்கிறது என்று தெரியும். அவளுக்குப் போன் செய்து அனுப்பச் சொன்னேன். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

நான் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

அதைவிட மோசமானது கடைசியில் இருந்தது. கைதட்டல் அடங்கும்போது ஒரு பெண்ணின் குரல், மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி: "மேடம், எனக்கு இப்பம் மூணாம் மாசம். மாத்திர போட்டா கொமட்டுது. இந்தக் கீரைய மட்டும் தின்னா போதுமா?" அதற்கு என் சிரிப்பு. "தாராளமா சாப்பிடுங்கம்மா." அப்புறம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். பதிவு முடிந்துவிட்டது.

எனக்கு அந்தக் கேள்வி நினைவிலேயே இல்லை. இப்போதும் இல்லை. பதிவில் இருப்பதால் நம்புகிறேன். அந்தக் குரல் ரஹ்மத்தின் குரலும் இல்லை. அன்றைக்கு மூன்றாம் மாதம் என்றால் இன்றைக்கு எட்டு. இந்த வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, எங்கேயோ இன்னொருத்தி இதே வெளுத்த நாக்கோடு நடமாடிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தவரே பேசினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, கீரையைக் கழுவிக் கொடுத்தீர்களா என்பதுதான். இல்லை, பறித்தபடியே கொடுத்தேன் என்றேன். என் செல்போனில் இருந்த அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டவள். இரண்டாவது பக்கத்தில் அலுமினியத்தின் அளவு இருந்தது, அதுவும் அண்ணாச்சியின் கீரையில் பல மடங்கு ஏறியிருந்தது. செடி அவ்வளவு அலுமினியத்தை உறிஞ்சாது, அது இலையில் ஒட்டியிருந்த மண் என்றார் அவர். செம்மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், காற்றுக் காலம் வேறு. கடைக் கீரையை வியாபாரி தண்ணீரில் முக்கி எடுத்து வைத்திருப்பான். நான் கீரையோடு கீரையை ஒப்பிடவில்லை. புழுதி படிந்த கீரையையும் கழுவிய கீரையையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் வேலையில் இது என்றைக்காவது வரும்.

எங்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் ஒருவரிடம் போனில், நான் சொன்னது தவறு என்று உடனே அறிவிக்க வேண்டும் என்றேன். அவர் மறுபடி சோதனை செய்து முடிவு வரட்டும் என்றார். ஒரு தடவை அவசரப்பட்டுப் பேசினீர்கள், இப்போது இன்னொரு தடவை அவசரப்படாதீர்கள், முழு ஆதாரத்தோடு சொல்வதுதான் முறை என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவரும் இல்லை. முடிவு வர இரண்டு வாரமாவது ஆகும். அந்தக் குரலுக்கு இரண்டு வாரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒன்றைச் செய்யச் சொல்வதற்கு முழு ஆதாரம் வேண்டும். நான் சொன்னதை நம்பாதீர்கள் என்று சொல்வதற்குச் சந்தேகமே போதும். அன்றைக்கு எனக்கு இவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை. பயத்தில்தான் செய்தேன். செய்தது சரியாக இருந்தது.

அன்று மதியம் ரஹ்மத்துக்கு இரண்டாவது பாட்டில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, வயிற்று இறுக்கம் தணிந்திருந்தது. நான் பேருந்து ஏறிப் பனவடலிசத்திரத்தில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். அண்ணாச்சி கிணற்றடியில் உட்கார்ந்து கீரையை நாரால் கட்டிக்கொண்டிருந்தார். கழுவாத கீரை, மண், அலுமினியம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாருக்கும் இதைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்றார். நீங்கள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி நிலத்தில் இரண்டு குடும்பங்கள் உரத்தையும் மருந்தையும் விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்தன, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டார். "ஒரு மாசம் பொறுங்க மேடம். இந்த வெள்ளாம முடியட்டும். மருந்தில்லங்கது உண்ம தான? அத மட்டும் சொல்லிக்கிட்டு மத்தத அப்படியே விட்டுருவோம்."

அவர் கெஞ்சியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மனிதரை நான்தான் ஒரு தாளைக் காட்டி நம்ப வைத்தேன். செல்போனை எடுத்து அந்தப் பதிவின் கடைசியைப் போட்டேன். "இந்தக் கீரைய மட்டும் தின்னா போதுமா?" அவர் கட்டிக்கொண்டிருந்த நாரைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில கெடக்கது இந்தப் பிள்ளயா?" என்றார்.

இல்லை, அது வேறு பெண், இவள் யாரென்றே தெரியவில்லை என்றேன்.

கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். அவர் மயங்கிக் கிடந்த நாட்களை நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. "பேசி அனுப்புங்க" என்றார். "நானும் சேந்து பேசுதேன். உங்க குரல் மட்டும் வந்தா, யாரோ மெரட்டிப் பேச வச்சிட்டாங்கன்னு நெனைப்பாங்க."

அந்தக் கிணற்றடியிலேயே பேசிப் பதிவு செய்தோம். நான் முன்பு சொன்னது தப்பு என்றும், கீரை நல்லதுதான் என்றாலும் அதிலிருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும் என்றும், கர்ப்பிணிகள் ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும், குமட்டினால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அண்ணாச்சி, என் கீரையில் மருந்து கிடையாது, அதற்குமேல் எந்தப் பெருமையும் அதற்கு வேண்டாம் என்றார். பிசிறாக, காற்றுச் சத்தத்தோடு இருந்தது. அப்படியே அனுப்பினோம்.

நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. எழுதிக் கொடுத்தேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

ரஹ்மத்துக்கு நான்காம் நாள் வலி எடுத்தது. பெண் குழந்தை. எடை குறைவு. பிறந்ததும் அழவில்லை, தனியே கொண்டுபோய் வைத்தார்கள். பிரசவத்தில் இரத்தமும் கொஞ்சம் அதிகமாகவே போனது. முதல் நாள் இருந்த நிலையில் இது நடந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த டாக்டர் அவள் தாயாரிடம் சொன்னார். தாயார் அதை என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. எனக்கு அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது. குழந்தை பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டுத் தாயிடம் வந்தது. சில மாதம் கழித்து ரஹ்மத் குழந்தையின் தடுப்பூசிக்கு வந்தவள் என் அறைக்கும் வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் உட்கார்ந்துகொண்டு, இப்போது கீரை சாப்பிடலாமா என்று கேட்டாள். சாப்பிடு, மாத்திரையும் போடு என்றேன். தெரியும் மேடம், சும்மா கேட்டேன் என்றாள்.

மறுசோதனையை முறையாகச் செய்தோம். அண்ணாச்சி தோட்டத்திலிருந்தும், அடுத்த ஊரில் உரம் போட்டு விளைவித்தவர் தோட்டத்திலிருந்தும், ஒரே நாளில், பல பாத்திகளில் பறித்து, ஒரே மாதிரி கழுவிக் கொடுத்தோம். சத்து விஷயத்தில் இதில் ஒன்று கொஞ்சம் கூட, அதில் ஒன்று கொஞ்சம் கூட. இது உயர்ந்தது என்று மைக்கைப் பிடிக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அவர் கீரையில் பூச்சிமருந்தின் தடம் தெரியவில்லை, மற்றதில் சிலவற்றில் தெரிந்தது. அண்ணாச்சி அதைக் கேட்டு, இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன் என்றார். சந்தைக்கு வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது. இளையரசனேந்தல் குடும்பங்களில் ஒன்று திரும்ப உரத்துக்கே போய்விட்டது. இன்னொன்று இருந்தது. இவை எதையும் நான் சரிசெய்யவில்லை, செய்யவும் முடியவில்லை.

ஆனால் அந்த வாரங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் குரல்தான். எங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், மறுநாளே வரவழைத்தோம். இருவரில் ஒருத்தியும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் இல்லை. சந்தைக்கு வரும் பெண்களிடமெல்லாம் அந்தச் சில விநாடிகளைப் போட்டுக் காட்டினேன். ஒருத்தி இது ராயகிரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த பெண் மாதிரி இருக்கிறது என்றாள். அக்கா வீடு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியின் வண்டியில் ராயகிரிக்குப் போனோம். அங்கே கிராம சுகாதார நர்ஸிடம் குரலைக் கேட்க வைத்தோம். அவர் இரண்டு மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் பொறுப்பில் இருந்த எட்டு மாதக்காரிகள் மூன்று பேர் வீட்டுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மூவரும் மாத்திரை போடுகிறவர்கள். நான் அவர்களைப் பேசவைத்து, குரலைக் கவனித்தேன். மூன்றும் அது இல்லை.

எட்டு மாதம் ஒன்பதாகி, பத்தும் கடந்திருக்கும். அதுவரைக்கும் வராந்தாவில் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். அப்புறம் அதுவும் நின்றது. எழுந்து வருவதற்கான காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் எங்கள் செய்தியைக் கேட்டு மறுபடியும் மாத்திரை போட்டிருக்கலாம். என் பதிலைப் பொருட்படுத்தாமலே இருந்திருக்கலாம். வேறு ஊரில் வேறு மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

இயற்கையில் விளைந்ததில் சத்து அதிகமா என்று உங்களிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தெரிந்துகொள்ள மட்டும் கேட்பதில்லை. அதை வைத்து எதையோ விடலாமா என்று கேட்கிறார்கள். மாத்திரையையா, பாலையா, முட்டையையா, ஊசியையா, எதை விடப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கீரைக்கு வாருங்கள். என்னிடம் ஒருத்தி அதையும் சேர்த்தே, அவ்வளவு தெளிவாகக் கேட்டாள். போதாதும்மா, மாத்திரையையும் போடுங்க என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும்.